குட்டிக் காரும் குண்டு மோட்டாரும்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் ஃப்யூஜி மலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். பழைய கோயில்களைச் சுற்றிவிட்டு வருவார்கள். கையில் காசு மிச்சமிருந்தால் காமிராவோ கடிகாரமோ வாங்கி வருவார்கள். நாங்கள் போனபோது எங்களோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் வந்தது. என் பையன் அதை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. "உள்ளே என்னடா?" என்று கேட்டதற்கு, "சும்மா, அப்பா" என்றான். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முறுக்காக இருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் வீட்டு விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பையனுக்கு வயது பன்னிரண்டு. அவனிடம் ஒரு ரிமோட் கார் இருந்தது. நிஜக் காரை இருபத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஒரு சாண் நீளம்கூட இராது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் பையன்கள் பந்தயம் விடுவார்கள். மாடிவீட்டுப் பையனுடைய கார் ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டு போயிற்று. இவனுக்குப் பொறுக்கவில்லை. உடைந்துபோன பெரிய பொம்மைக் கார் ஒன்று பரணில் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து ஒரு குண்டு மோட்டாரைப் பிடுங்கி, குட்டிக் காரில் பொருத்திவிட்டான்.

அன்று இரவு நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடத்தில் 'விர்ர்ர்' என்று ஒரு சப்தம். ஏதோ ஒன்று என் காலடியில் பாய்ந்து, சுவரில் மோதி, தலைகீழாகப் புரண்டு, புகையை விட்டது. நாற்றம் வீடு முழுவதும் பரவிற்று. "ஐயோ, காஸ் ஸிலிண்டர்!" என்று என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில், "கணக்கில் நாற்பத்திரண்டு மார்க்கு! இதில் மட்டும் என்ன பெரிய என்ஜினீயர் வேலை? இனிமேல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டாயோ, பார்!" என்று கத்திவிட்டேன்.

தொடவில்லை. இரண்டு மாத காலம் அவன் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறானே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மின்விசிறி கரகரவென்றால் முதல் ஆளாக நாற்காலி போட்டு ஏறுகிற பையன், இப்போது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னமோ எனக்கு நன்றாகப் படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பத்திரிகை வேலையாக ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தது. மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். டோக்கியோவில் பல வருஷங்களாக இருக்கும் நண்பர் ஒருவர், "ஸார், பையனோடு வருகிறீர்கள் என்றால் ஷிஸுவோகாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். மே மாதத்தில் அங்கே பொம்மைத் திருவிழா!" என்றார்.

டோக்கியோவிலிருந்து ஷிஸுவோகா 180 கிலோமீட்டர். 'ஹிக்காரி' என்ற அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். 'நொஸோமி' என்று அதைவிட வேகமான ரயில் உண்டு. அது ஷிஸுவோகாவில் நிற்காது. வலப்புற ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஃப்யூஜி மலை தெரியும் என்று நண்பர் இடம் பிடித்துக் கொடுத்தார். உட்கார்ந்தோம். மேகம் தெரிந்தது. மலை அதற்குப் பின்னால் இருக்கிறது என்று நண்பர் சத்தியம் செய்தார்.

பையன் மலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. "மாமா, இந்த ரயிலுக்கு எவ்வளவு பெரிய மோட்டார் இருக்கும்?" என்று கேட்டான். இரண்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் யந்திரக் கேள்வி அது.

நண்பர் உற்சாகமாகிவிட்டார். "ஒரு மோட்டார் இல்லையப்பா, 56 மோட்டார்! இப்போது ஓடுகிற என்.700 வகை ரயிலில் 16 பெட்டிகள். அவற்றில் 14 பெட்டிகளுக்கு அடியில், பெட்டிக்கு நான்காக மோட்டார் இருக்கிறது. ஒவ்வொன்றும் 305 கிலோவாட்" என்றார்.

"ஏன் மாமா, முன்னால் ஒரே ஒரு ராட்சஸ மோட்டாரை வைத்து இழுத்தால் என்ன?"

"இழுக்கலாம். அப்புறம் அந்த ஒரு பெட்டியின் கனத்தை யார் தாங்குவது? இந்த நாட்டில் பல இடங்களில் தரை மெத்து. கனமான என்ஜின் ஓடினால் தண்டவாளம், பாலம் எல்லாவற்றையும் அதற்கேற்ற மாதிரி பலமாகக் கட்டவேண்டும். 1964-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி இந்தப் பாதையைத் திறந்தபோதே அதையெல்லாம் யோசித்துத்தான் மோட்டார்களைப் பகிர்ந்து வைத்தார்கள்."

பையன் பிஸ்கட் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

ஷிஸுவோகாவில் இறங்கியதும் இது எந்த மாதிரி ஊர் என்று தெரிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் மாடல்களை வாங்கினால் பாகங்களெல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் தெருவில் நிற்கும் தபால் பெட்டி ஒன்று அப்படிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது! டெலிபோன் ஒன்றும் அப்படியே. ராட்சஸக் குழந்தை ஒன்று வந்து, சட்டத்திலிருந்து ஒடித்து எடுத்து விளையாடலாம் போலிருந்தது. 2021-ம் ஆண்டிலிருந்து நகரசபையார் இப்படி அலங்காரம் செய்துவருகிறார்கள். ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது.

இதற்கு வேர் நானூறு வருஷத்துக்கு முன்னால் இருக்கிறது. ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த டொக்குகாவா இயேயாஸு, பதவியை மகனிடம் விட்டுவிட்டு 1607-ல் இந்த ஊர்க் கோட்டைக்குக் குடிவந்தார். 1616-ல் இங்கேயே காலமானார். அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னாலும் கோட்டைக்கும் செங்கென் கோயிலுக்கும் வேலை செய்யத் தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் பல திசைகளிலிருந்து வந்தார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. மலையில் மரம் இருந்தது. கையில் தொழில் இருந்தது. 1924-ல் இவ்வூர் விமானி ஒருவர் மரத்தில் மாடல் விமானம் செய்யும் கடையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய 'ஆவோஷிமா' கம்பெனி. 1946-ல் மர வியாபாரமாக ஆரம்பித்த 'தமியா' கம்பெனி, பிறகு மர மாடல்களுக்கும் 1960-ஐ ஒட்டிப் பிளாஸ்டிக்குக்கும் மாறியது. இன்று உலகமெங்கும் அந்த இரட்டை நட்சத்திர முத்திரையைத் தெரியாத பையன் குறைவு.

திருவிழா நடப்பது 'ட்வின் மெஸ்ஸே' என்ற பெரிய கண்காட்சிக் கட்டிடத்தில். உள்ளே நுழைந்ததும், அடேயப்பா! நூற்றுக்கணக்கான சங்கங்கள் ஆளுக்கொரு மேஜை போட்டு, தாங்கள் செய்த மாடல்களைப் பரப்பியிருக்கிறார்கள். கப்பல், விமானம், கோட்டை, கோபுரம், கார். கடுகளவு மாலுமி ஒருவன் கடுகைவிடச் சிறிய துடைப்பத்தால் கப்பல் தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. 'பொம்மைத் திருவிழா' என்று நான் சிரித்துக்கொண்டே வந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நண்பர் காதோடு ஒரு கதை சொன்னார். 1976-ல் தமியா கம்பெனி 'போர்ஷே 934' காரின் மாடலைச் செய்ய முனைந்தது. புகைப்படங்களைப் பார்த்தார்கள், அளவுகளை வாங்கினார்கள், திருப்தியில்லை. கடைசியில் நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, ஒவ்வொன்றாக அளந்தார்கள்! அந்த வேலைக்குப் பின்னால் நின்றவர் ஷுன்ஸாக்கு தமியா. கம்பெனியை ஸ்தாபித்தவரின் மகன். 2025 ஜூலையில் தமது 90-வது வயதில் காலமானார். அளந்து செய்த அந்தப் போர்ஷேதான் அதே வருஷம் இந்தக் கம்பெனியின் முதல் ரேடியோக் காராகவும் ஓடியது.

"காரை வாங்கிக் கழற்றினார்களா? அவர் அப்பா திட்டவில்லையா?" என்றான் பையன்.

நான் சட்டென்று ஒரு கப்பலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ரேடியோக் கார்களை வைத்திருந்த ஒரு மேஜையண்டை பையன் நின்றுவிட்டான். அங்கிருந்தவருக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடிக்குமேல் இன்னொரு பூதக் கண்ணாடி. பையன் கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே பழைய துணியில் சுற்றி வைத்திருந்தது முறுக்கு அல்ல. அன்று புகைந்துபோன அந்தக் கார்!

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை கலைப் பொருள்களுக்கு நடுவில் கருகிப்போன ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைக்கிறானே! பெரியவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அதை எடுத்தார். மோந்து பார்த்தார். பூதக் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நண்பரிடம் ஏதோ கேட்டார்.

"எதை வைத்து அறுத்தாய் என்று கேட்கிறார்."

"சமையலறைக் கத்தி, மாமா. அடுப்பில் சுட வைத்து..."

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக நிலவிய ஒரு மர்மம் அந்த இடத்தில் விடுபட்டது. காய் நறுக்கும் கத்தியின் நுனி எப்படிக் கறுத்தது என்று வேலைக்காரியிடம் நடந்த விசாரணையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

பெரியவர் அடுத்தபடி ஒரு கேள்வி கேட்டார். நண்பர் பையனிடம், "கருவியைக் கையாள உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறார்" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். "யாரும் இல்லை மாமா. அப்பா, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்" என்றான்.

நண்பர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜப்பானிய பாஷையில் ஏதோ சொன்னார். உடனே பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, என்னைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் செய்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் குனிந்தேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்று அப்புறம் கேட்டேன்.

"'அப்பாவிடம் கற்றுக்கொண்டான்' என்றேன், ஸார். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? அயல்நாட்டில் உங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா?"

அன்று சாயங்காலம் பெரியவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஜப்பானில் அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். இது ஆறு பாய் அறை. அதில் நான்கு பாய் இடத்தை மேஜையும் கருவிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்ச இடத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் மனைவி பச்சைத் தேநீரும், இவ்வூரின் பேர்போன 'அபேகாவா மோச்சி'யும் கொண்டுவந்து வைத்தாள். இடித்த அரிசியில் செய்த உருண்டை. மேலே வறுத்த சோயா மாவும் சர்க்கரையும். மீன் இல்லாத பண்டம் கிடைக்குமா என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த நான், அந்தத் தட்டைப் பொறுத்தவரை ஜப்பானிய மரியாதைகளை மறந்துவிட்டேன்.

பெரியவர் ஒரு காகிதத்தை விரித்து, அதன்மேல் இரண்டு மோட்டார்களை வைத்தார். ஒன்று காரில் முதலில் இருந்த வகை. '130' என்று பெயர். அகலம் 20 மில்லிமீட்டர், நீளம் 25. எடை சுமார் 17 கிராம். இன்னொன்று பையன் திணித்த குண்டு மோட்டார். '380' என்பார்கள். குறுக்களவு கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர், நீளம் 38. எடை 70 கிராம் அளவு. நான்கு மடங்கு!

பிறகு காரின் சக்கரத்தைப் பக்கத்தில் நிறுத்தினார். சக்கரத்தின் உயரம் 24 மில்லிமீட்டர். மோட்டார் 28. சக்கரத்தைவிட மோட்டார் உயரம்! பழைய மோட்டார் இருந்த இடத்தில் இதை வைத்தால் வயிறு தரையில் உரசும். அதனால்தான் பையன் அடித்தட்டை அறுத்து, மோட்டாரைத் தூக்கி மேலே ஒட்டவைத்திருந்தான். மேலே ஏற்றினால் கனமும் மேலே ஏறுகிறது. பாரம் ஏற்றிய வைக்கோல் வண்டி திருப்பத்தில் சாய்வதுபோல் இதுவும் சாய்ந்துவிட்டது. அது மட்டுமா? எடையெல்லாம் பின்பக்கம் சேர்ந்துகொண்டதால் முன் சக்கரங்கள் தரையில் பதியவில்லை. "இவன் திருப்பியபோது முன் சக்கரம் காற்றைத்தான் திருப்பியிருக்கிறது" என்றார் பெரியவர்.

அடுத்தது பல்சக்கரம். சின்ன மோட்டாரின் அச்சுக் கம்பி 2 மில்லிமீட்டர், பெரியதற்கு 2.3. வித்தியாசம் தலைமயிர் கனம் மாதிரிதான். ஆனாலும் சின்னக் கம்பிக்கென்று செய்த பல்சக்கரத்தைப் பையன் பெரிய கம்பியில் அடித்து ஏற்றியிருந்தான். அது ஓரமாகப் பிளந்திருந்தது. பூதக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே தெரிந்தது.

கடைசியாக, புகை. இந்த இடத்தை நானே இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டேன். மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு சின்ன டைனமோவாகவும் ஆகிவிடுகிறதாம். உள்ளே வரும் மின்சாரத்தை அது எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே வேகமாகச் சுழலச் சுழல அது குடிக்கும் மின்சாரம் குறைகிறது. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த முதல் கணத்தில் எதிர்ப்பே கிடையாது. அப்போது வயிறு முட்டக் குடிக்கிறது. சுவரில் மோதிச் சக்கரம் நின்றுபோனாலும் அதே கதிதான். இந்தக் காரில் நான்கு மெல்லிய பென்ஸில் பாட்டரிகள். வேகத்தைக் கட்டுப்படுத்த எறும்பளவு டிரான்ஸிஸ்டர்கள். சின்ன மோட்டாரின் தாகத்துக்கு அவை போதும். குண்டு மோட்டாரின் தாகத்துக்கு? எல்லா மின்சாரத்தையும் அது குடித்துவிட்டதால் ரேடியோப் பகுதிக்கு மயக்கம் வந்துவிட்டது; வண்டி யார் சொல்லையும் கேட்கவில்லை. சுவரில் போய் முட்டியதும் டிரான்ஸிஸ்டர் கருகிற்று.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய காரை எடுத்துவந்தார். தமியாவின் 'கிராஸ்ஹாப்பர்'. வெட்டுக்கிளி என்று அர்த்தம். 1984-ம் ஆண்டில் வந்தது. அதில் கம்பெனியார் வைத்தது 380 மோட்டார்.

"எனக்கு அப்போது இருபது வயது. வந்த வாரமே இதில் 540 மோட்டாரைப் போட்டேன். 160 கிராம் மோட்டார். வண்டி பறந்தது. எங்கே பறந்தது என்று கேளுங்கள். நேராக வாய்க்காலுக்குள்!" என்றார்.

அதே வருஷம் கம்பெனியாரே கிட்டத்தட்ட அதே அடித்தட்டில் 540 மோட்டாரைப் போட்டு, 'ஹார்னெட்' என்ற காரை விற்றார்கள். குளவி என்று அர்த்தம். பெரியவர் அதை வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். மோட்டார் மட்டும் மாறவில்லை. பின்பக்க அதிர்வுதாங்கியில் எண்ணெய் இருந்தது. டயர் வேறாக இருந்தது. "நான் மோட்டாரை மாற்றினேன். அவர்கள் காரை மாற்றியிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாய்க்கால் தேவைப்பட்டது" என்றார்.

பையன் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தான். தன்னைப்போல் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற சிரிப்பு அது.

பெரியவர் மேஜை இழுப்பறையிலிருந்து மூன்றாவது மோட்டார் ஒன்றை எடுத்தார். '180'. பார்வைக்குச் சின்ன மோட்டாரின் அண்ணன் மாதிரி இருந்தது. அகலமும் உயரமும் ஏறக்குறைய அதே. நீளம் மட்டும் 25-க்குப் பதில் 32. எடை 32 கிராம். அச்சுக் கம்பியும் அதே 2 மில்லிமீட்டர். பழைய அளவுப் பல்சக்கரமே ஏறும். குண்டு மோட்டார் அளவு பலம் கிடையாது; ஆனால் முதல் மோட்டாரைவிட நல்ல பலம். "எத்தனை அறுக்கவேண்டும்?" என்று பையனைக் கேட்டார்.

பையன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். "ஏழு மில்லிமீட்டர்!" என்றான். கணக்கில் நாற்பத்திரண்டு மார்க்கு!

பெரியவர் அவன் கையில் வெர்னியர் அளவுகோலைக் கொடுத்தார். மூன்று தடவை அளக்கச் சொன்னார். பிறகு ஒரு மெல்லிய ரம்பத்தைக் கொடுத்தார். நம் ஊர் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். பையன் முதலில் தள்ளிப் பார்த்துத் திணறினான். பெரியவர் அவன் கைமேல் தம் கையை வைத்து இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். மூன்றாவது தடவை கையை எடுத்துக்கொண்டார்.

புதுப் பல்சக்கரத்தைப் பொருத்தும்போது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, இறுக்கித் திருகிவிட்டுக் காகிதத்தை உருவச் சொன்னார். காகிதத்தின் கனம்தான் பற்களுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி. அதற்குமேல் இருந்தால் பல் தாண்டும், குறைந்தால் இறுகும். கருகிய டிரான்ஸிஸ்டர்களை எடுத்துவிட்டு, அதிக மின்சாரம் தாங்கக்கூடியவற்றை அவரே பற்றவைத்தார். மெல்லிய ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயர் போட்டார். பின்பக்கம் 15 கிராம் கூடியிருக்கிறதல்லவா? அதை ஈடு செய்ய முன்பக்கம் ஒரு சின்ன ஈயத் துண்டை ஒட்டினார்.

வீட்டுக்கு முன்னாலிருந்த சந்தில் கொண்டுபோய் விட்டோம். இருட்டிவிட்டது, ஒரே ஒரு தெருவிளக்கு. கார் கிளம்பிற்று. நேராகப் போயிற்று. கோடியில் பையன் திருப்பினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சாயவில்லை. திரும்பி எங்கள் காலடிக்கு வந்து நின்றது. பெரியவர் குனிந்து, மோட்டார்மேல் விரலை வைத்து ஐந்து எண்ணச் சொன்னார். "ஐந்து எண்ணும்வரை விரலை எடுக்காமல் இருக்க முடிந்தால் மோட்டார் சௌக்கியமாக இருக்கிறது. முடியாவிட்டால் ஓட்டாதே, எங்கே தப்பு என்று பார்." பையன் எண்ணினான். நானும் எண்ணினேன். அப்புறம் பெரியவரின் மனைவியும் வந்து எண்ணினாள்.

விடைபெறும்போது பையன் நண்பரிடம், "மாமா, அந்தக் குண்டு மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேளுங்கள்" என்றான்.

பெரியவர் தலையை ஆட்டினார். 380 மோட்டாரை ஒரு காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, இந்த ஊர்க் கதை ஒன்று சொன்னார். 1960-களின் தொடக்கத்தில் தமியா கம்பெனி 'பாந்தர்' என்ற ஜெர்மன் டாங்கியின் மாடலைச் செய்தது. மோட்டாரால் ஓடும் மாடல். உள்ளே மோட்டாரும் இரண்டு பாட்டரிகளும் அடங்க வேண்டும். அவை அடங்கும் அளவுக்கு டாங்கியைச் செய்தார்கள். அது நன்றாக விற்றது. அதே அளவில் வேறு டாங்கிகளும் செய்யலாம் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தபோதுதான், அது நிஜ டாங்கியில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. இன்று உலகமெங்கும் போர்முனை மாடல்களுக்கு 'முப்பத்தைந்தில் ஒன்று' என்பது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தைப் போட்டது இரண்டு பாட்டரிகள்!

"மோட்டார் பெரியது என்பது தப்பில்லை. இதற்கு ஒரு கார் செய். முதலில் இதை அளந்துகொள், அப்புறம் காரை வரை" என்றார் பெரியவர்.

திரும்பும் ரயிலில் பையன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. என்னைப் பார்த்து அந்த மனிதர் குனிந்து செய்த வணக்கம் கண்முன் நின்றுகொண்டே இருந்தது. எனக்குச் சேரவேண்டியதல்ல அது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. டோக்கியோவில் இறங்கியதும் நண்பரைக் கூட்டிக்கொண்டு போய், இழுத்தால் அறுக்கும் ரம்பம் ஒன்றும் வெர்னியர் அளவுகோல் ஒன்றும் வாங்கினேன்.

ஊர் வந்து சேர்ந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. கீழ்த்தளப் பந்தயத்தில் மாடிவீட்டுப் பையனை இவன் ஜெயித்தானா என்று கேட்பீர்கள். சில நாள் ஜெயிக்கிறான். சில நாள் தோற்கிறான். தோற்கிற நாளில் மோட்டாரில் விரலை வைத்து ஐந்து எண்ணுகிறான். அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. நடுவில் 28-க்கு 38 என்று அளவெழுதிய ஒரு மோட்டார். அதைச் சுற்றி அழித்து அழித்து வரைந்த ஒரு கார்.

நேற்றுக் காலை சமையலறையிலிருந்து, "கத்தியைக் காணோமே!" என்று குரல் கேட்டது.

ரம்பம் வாங்கிக் கொடுத்த பிறகுமா என்று எழுந்து போனேன். கூடத்தில் பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். கத்தி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் ஒன்றையும் அறுக்கவில்லை. அதன் கறுத்த நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டு உப்புத்தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.